வீட்டார் மூவர் போதும்: நேரடி விற்பனையில் பெயர் எடுக்கும் வழி

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கிணற்றுப் பாசனத்தில் கத்தரி, வெண்டை, தக்காளி பயிரிடும் சிறு விவசாயிகள் பலர், மண்டியில் சொன்ன விலைக்கே காயைப் போட்டு வருகின்றனர். நுகர்வோருக்கு நேராக விற்க ஆளும் கடையும் அதிகம் தேவை என்ற எண்ணமே இதற்குக் காரணம். வீட்டார் மூவர் இருந்தால் போதுமானது.

தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 14-11-1999 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்டது. சேலம் சூரமங்கலம், நாமக்கல், ராசிபுரம் முதலிய ஊர்களிலும் இச்சந்தைகள் உள்ளன. தாமே விளைவித்ததை விற்கும் விவசாயிக்கு, நிலம் பார்வையிடப்பட்டு, அடையாள அட்டை வழங்கப்படுகிறது. கடைக்கு வாடகை இல்லை.

கூலியைக் கணக்கில் சேர்க்கவும்

ஓர் உதாரணம்: 40 கிலோ கத்தரியை மண்டியில் கிலோ 15 ரூபாய்க்குப் போட்டால் 600 ரூபாய். கமிஷன் 60, வண்டி வாடகை 40 போக 500 ரூபாய் நிற்கும். சந்தையில் 36 கிலோவை 22 ரூபாய்க்கும், மீதி 4 கிலோவை 10 ரூபாய்க்கும் விற்றால் 832 ரூபாய். போக்குவரத்து, டீச் செலவு 60, அரைநாள் கூலி 250 கழித்தால் 522 ரூபாய். ஆதாயம் 22 ரூபாய்தான்!

அதே நடையில் 20 கிலோ வெண்டையும் கொண்டு சென்று, மண்டியைவிடக் கிலோவுக்கு 7 ரூபாய் கூடுதலாகப் பெற்றால், மேலும் 140 ரூபாய் மிஞ்சும். கூலி கூடுவதில்லை. எனவே ஒரே காயை நிறையப் பயிரிடாமல், நான்கைந்து காய்களைப் பாத்தி பிரித்து, மாற்றி மாற்றி நடுதல் நலம்.

பெயர் எப்படி வரும்?

1. ஒருவர் பறித்துத் தரம் பிரிக்கவும், ஒருவர் விற்கவும், ஒருவர் கணக்கும் தொலைபேசியும் கவனிக்கவும்.

2. குறிப்பிட்ட நாட்களில் தவறாமல் கடை போடவும். வாங்குவோர் காயைப் போலவே ஆளையும் தேடி வருவர்.

3. புழு துளைத்த காயை அடியில் மறைத்து வைத்தல் கூடாது. அவற்றைத் தனியே ஒதுக்கிவிடவும்.

4. பூச்சிமருந்து தெளித்தால், புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே பறிக்கவும்.

அடுத்த படி

வாடிக்கை நிலைத்த பின், சொந்தக் கடலையை ஆட்டிய எண்ணெய், நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றுக்கு அவர்களிடமே தொலைபேசியில் ஆர்டர் பெறலாம். இதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தல் அவசியம். பொட்டலத்தில் பெயர், முகவரி, பதிவு எண், நிகர எடை, விலை, பொட்டலமிட்ட நாள் இருக்க வேண்டும். வணிகக் குறியைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

ஆயினும் பெயர் அச்சிட்ட பைகளை முதலிலேயே ஆயிரக்கணக்கில் வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம். ஒருமுறை வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று நோட்டில் குறித்து வாருங்கள். அந்த எண்ணிக்கை கூடிய பிறகு பை அடிக்கலாம்.