மூச்சுத் துளையைக் காக்கும் தாய்

முன்னுரை

"குமாரபாளையத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா?"

அறிவியல் மன்றத்தில் எங்கள் குழுவுக்குக் 'குளிர்காலத்தில் உயிர்கள்' என்னும் தலைப்பு கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி இதுதான். மார்கழி விடியலில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது காதை மூடிக்கொள்வோம். அதுவே நாம் அறிந்த குளிர். பனிக்கட்டி என்றால் மீன் கடைப் பெட்டியில் பார்த்ததுதான். ஆனால் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி, "தெரிந்ததை எழுதுவதற்கு எதற்கு மன்றம்? தெரியாததைத் தேடிப் படித்து எழுதுங்கள்" என்று கூறிவிட்டார். அப்படித் தேடியபோது நாங்கள் சந்தித்த விலங்குதான் சீல். தமிழில் இதனைக் கடல்நாய் என்றும் கூறுவர். அன்பு வாசகர்களே! எங்களோடு சிறிது நேரம் தென் துருவத்துக்கு வாருங்கள்.

நம் நாட்டின் வீடு அங்கே

தென் துருவம் நமக்கு முற்றிலும் அந்நியமான இடமன்று. டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால் பதித்தது. 1983-84இல் சென்ற மூன்றாவது குழுவில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் இடம்பெற்றனர். இந்திய ஆய்வுக் குழுவில் அண்டார்க்டிகா சென்ற முதல் பெண்கள் இவர்களே. ஒருவர் பாறைகளை ஆராய்ந்தார். மற்றவர் கடலை ஆராய்ந்தார்.

இன்று அங்கே நமக்கு 'மைத்ரி', 'பாரதி' என இரு ஆய்வு நிலையங்கள் உள்ளன. மைத்ரி கடலிலிருந்து உள்ளே தள்ளி அமைந்தது. 2012இல் திறக்கப்பட்ட பாரதியோ லார்ஸ்மன் குன்றுகளில், கடலோரத்திலேயே நிற்கிறது. அந்தக் கரையை ஒட்டி உறையும் கடலில்தான் நம் கதாநாயகியான வெடல் சீல் வாழ்கிறது. 1820களில் தென் கடலில் பயணம் செய்த ஜேம்ஸ் வெடல் என்னும் பிரிட்டிஷ் மாலுமியின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

பாரதி நிலையத்தில் மே மாதக் கடைசியில் மறையும் சூரியன் ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்தே மீண்டும் தலைகாட்டும். இஸ்ரோவைச் சேர்ந்த மங்களா மணி 2016-17இல் அங்கே 403 நாட்கள் தங்கிப் பணிபுரிந்தார். 23 பேர் கொண்ட அக்குழுவில் அவர் ஒருவரே பெண். அவருக்காவது சூடான அறையும் சமைத்த உணவும் இருந்தன. வெளியே, உறைந்த கடலுக்கு அடியில் இருக்கும் சீலுக்கு என்ன இருக்கிறது? இதைத்தான் நாங்கள் அறிய விரும்பினோம்.

கடல் எப்படி உறைகிறது?

முதலில் ஒரு சிறு சோதனை செய்தோம். இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் எடுத்தோம். ஒன்றில் மட்டும் கடல்நீரின் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்தோம். இரண்டையும் மடத்துக் குளிர்பெட்டியில் வைத்தோம். நல்ல நீர் கல்லாக உறைந்தபோது உப்பு நீர் கூழாகவே இருந்தது.

காரணம் எளியது. நல்ல நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும். கடல்நீர் சுமார் −1.8 டிகிரியில்தான் உறையும். பனிக்கட்டி நீரைவிட எடை குறைந்ததால் மேலே மிதக்கிறது. கீழே உள்ள நீருக்கு ஒரு கூரையாகிறது. கூரைக்கு மேலே காற்று −15, −20 என்று இருக்கும். சில நாட்களில் −30க்கும் கீழே இறங்கும். அடியில் உள்ள நீரோ −1.8 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். ஆகவே குளிர்காலத்தில் சீலுக்குக் கதகதப்பான இடம் கடல்நீர்தான்! இருள் நிறைந்த அம்மாதங்களில் அது பெரும்பாலான நேரத்தை நீரிலேயே கழிக்கிறது. தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்புப் படலம் அதன் உடல் சூட்டைக் காக்கிறது.

மற்ற தென் துருவச் சீல்கள் குளிர்காலத்தில் கரையை விட்டு விலகி, நகரும் பனிப்பாளங்களோடு வடக்கே செல்கின்றன. வெடல் சீல்களில் பல, கரையோடு ஒட்டி உறைந்த பனியை விட்டு அகலுவதில்லை. அதனால் அவற்றுக்கு ஒரு நன்மை உண்டு. கொலையாளித் திமிங்கிலம் அந்தக் கெட்டிப் பனிக்குள் நுழைய முடியாது. ஆனால் ஒரு பெரும் இடரும் உண்டு. சீல் மீன் அன்று; நம்மைப் போல நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி. நம் பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் இப்படியே. ஆவுளியா தலையைத் தூக்கினால் காற்று கிடைக்கிறது. சீல் தலையைத் தூக்கினால் இரண்டு மீட்டர் வரை தடித்த பனிக்கட்டி!

பற்களே உளி

கரையோரத்திலும் பனிமலைகளின் அருகிலும், கடல் ஏறி இறங்கும்போது பனியில் விரிசல்கள் விழும. அந்த விரிசலில் சீல் ஒரு துளையை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் துளை திறந்தபடி இருக்குமா? சில மணி நேரத்தில் மீண்டும் உறையத் தொடங்கும். எனவே சீல் வாயை அகலத் திறந்து, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் வெட்டுப் பற்களையும் கோரைப் பற்களையும் பனியில் பதித்து, தலையை இருபுறமும் ஆட்டி ஆட்டி அராவுகிறது. இன்று அராவினால் நாளையும் அராவ வேண்டும். குளிர்காலம் முழுவதும் இதற்கு விடுமுறை இல்லை.

பனி தேய்கிறது, பல்லும் தேய்கிறது. பல் தேய்ந்துபோன முதிய சீலால் துளையைத் திறந்து வைக்கவும் முடியாது, இரையைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது. அதன் ஆயுளை முடித்து வைப்பது பல நேரங்களில் பல் தேய்மானமே என்று அறிஞர்கள் கூறுகின்றனர்.

இதைப் படித்தபோது எங்கள் குழுவில் ஒருத்தி தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். விசைத்தறி வருமுன் பாட்டி வீட்டிலேயே கைத்தறி நெய்தவர். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவார். அப்படிக் கடித்துக் கடித்து அவருடைய முன்பல்லில் பள்ளம் விழுந்துவிட்டது. அன்று மாலை நாங்கள் அவர் வீட்டுக்குச் சென்று சீலின் கதையைச் சொன்னோம். பாட்டி கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதுக்கு மூச்சு விடப் பல்லு, எனக்குச் சோத்துக்குப் பல்லு. அவ்வளவுதான் கண்ணு" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. அந்தப் பல்லை அவருடைய பேத்தியே அன்றுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தாள்.

மூச்சின் கணக்கு

காவிரியில் மூழ்கி மூச்சடக்கும் போட்டியில் எங்களில் சிறந்தவள் 50 விநாடி தாக்குப்பிடித்தாள். வெடல் சீல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் மூழ்கியிருந்ததுண்டு. 900 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தைத் தொட்டதுண்டு.

இதனை அளக்க வழி கண்டவர் ஜெரால்டு கூய்மன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. 1960களில் அவர் அமைத்த முதல் கருவியில் நேரத்தைக் காட்டியது எது தெரியுமா? சமையலறையில் முட்டை வேகவைக்கப் பயன்படும் மணிப்பொறி! வேறு விரிசல் இல்லாத இடத்தில் பனியில் ஒரு துளை வெட்டி, சீலின் மேல் கருவியைப் பொருத்தி அதில் விடுவார்கள். மூச்சு விட அது அதே துளைக்குத்தான் திரும்பி வர வேண்டும். வந்ததும் கருவியைக் கழற்றிப் படித்துக்கொள்ளலாம்.

சீல் எப்படி இவ்வளவு நேரம் தாங்குகிறது? நம் உடலில் உள்ள ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நுரையீரலில் இருக்கிறது. சீலின் நுரையீரலிலோ சுமார் 5 சதவீதமே; மீதியெல்லாம் இரத்தத்திலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. மூழ்கியதும் இதயத்துடிப்பு குறைகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் தந்து மற்ற உறுப்புகளுக்கு இரத்தம் சுருக்கப்படுகிறது. ஆழத்தில் நுரையீரல் சுருங்கி ஒடுங்கிவிடுவதால் நைட்ரஜன் இரத்தத்தில் கலந்து தீங்கு செய்வதில்லை.

ஆனாலும் சீல் வீண் சாகசம் செய்வதில்லை. அதன் பெரும்பாலான மூழ்கல்கள் சுமார் 20 நிமிடத்துக்கு உட்பட்டவையே. அதற்கு மேல் போனால் சேமிப்புக் கரைந்து, தசையில் லாக்டிக் அமிலம் சேரும். பிறகு நெடுநேரம் ஓய்வெடுக்க வேண்டும். கடன் வாங்காமல் குடும்பம் நடத்தும் கணக்கு இது.

தாய் கொடுப்பது

இந்த இருண்ட மாதங்களில் துளையை அராவிக்கொண்டிருக்கும் பெண் சீல் பெரும்பாலும் கருவுற்றிருக்கிறது. ஒளி திரும்பியபின், அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது பனிமேல் ஏறி ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. தாயின் உடற்சூட்டிலிருந்து குட்டி நேரே உறைபனிக் காற்றில் விழுகிறது. பிறக்கும்போது அதன் எடை 25 முதல் 30 கிலோ. கொழுப்பு மிகுந்த தாய்ப்பாலைக் குடித்து ஆறேழு வாரங்களில் ஏறக்குறைய 100 கிலோவை எட்டுகிறது. அதற்குள் தாய் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. சில வாரங்களிலேயே குட்டியைத் துளை வழியாக நீருக்குள் அழைத்துச் சென்று நீந்தக் கற்பிக்கிறது. துளையைக் காக்கும் பாடமும் அங்கேதான் தொடங்குகிறது.

கூரை மெலிந்தால்?

வட துருவத்தில் வளையச் சீல் என்னும் சிறு சீல் உண்டு. அது முன்துடுப்பின் நகங்களால் துளையைச் சுரண்டிக் காக்கும். துளைக்கு மேல் படிந்த பனிக்குவியலைக் குடைந்து வீடு கட்டி, அதற்குள் குட்டி போடும். பனி குறைந்தாலோ முன்கூட்டியே மழை பெய்தாலோ அவ்வீடு இடிந்துவிடும். குட்டி குளிருக்கும் பகைவருக்கும் இரையாகும். பின்லாந்தில் சைமா என்னும் ஏரியில் இதன் உறவினமான சில நூறு சீல்களே எஞ்சியுள்ளன. பனி குறைவான ஆண்டுகளில் அவ்வூர் மக்கள் மண்வாரிகளுடன் ஏரிக்குச் சென்று, பனியைக் கரையோரம் குவித்துச் சீல்களுக்கு வீட்டுக்கு வேண்டிய மேடு அமைத்துத் தருகிறார்கள்.

தென் துருவத்திலும் கவலை தொடங்கியிருக்கிறது. அங்கே செப்டம்பரில் கடற்பனி சுமார் 1.8 கோடி சதுர கிலோமீட்டர் பரவும். அது நம் இந்தியாவைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். 2023 செப்டம்பரில் அது சுமார் 1.7 கோடியையே எட்டியது. செயற்கைக்கோள் கணக்கில் அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. காற்றில் கரியமில வாயு பெருகிப் பூமி சூடேறும்போது கடலும் சூடேறுகிறது. பல் தேயத் தேயத் துளையைக் காக்கும் சீலுக்கு, குட்டி போடும் பனித்தளம் உரிய காலத்துக்கு முன்பே உடைந்தால் என்ன செய்ய இயலும்?

முடிவுரை

2011ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படங்களில் வெடல் சீல்களைத் தேடிக் குறிக்கும் பணியில் உலகெங்கும் லட்சக்கணக்கான சாதாரண மக்கள் வீட்டிலிருந்தே உதவினார்கள். அதனால் ஏறத்தாழ 2 லட்சம் பெண் சீல்கள் உள்ளன என்று 2021இல் கணக்கிட முடிந்தது. அவ்வேலைக்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. கவனமாகப் பார்க்கும் கண் போதும்.

இக்கட்டுரையைத் தொடங்கியபோது குளிர் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. முடிக்கும்போது அப்படி இல்லை. இரவு ஷிப்டில் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் படிக்கிறோம். அந்தச் சத்தத்துக்கு நடுவே எங்களில் பலருடைய அம்மாக்கள் நிற்கிறார்கள். நாங்கள் மூச்சு விட யாரோ ஒருவர் எங்கோ ஒரு துளையைத் திறந்து வைத்துக்கொண்டே இருக்கிறார் என்பதைத் தூரத்துச் சீல் ஒன்று எங்களுக்குச் சொல்லித் தந்தது. இனி அதனை மறவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றக் குழுவினருக்காக