கலங்கல் தண்ணீர் எங்கே போகும்?

(மழைநீர் வடிகால்: ஒரு எளிய பாடம்)

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் நமக்கு ஏரி நிரம்புமா என்று கவலை. பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தெருவில் நிற்கும் தண்ணீர் எப்போது வடியும் என்று கவலை. இரண்டும் ஒரே தண்ணீர்தான்.

"நகரத்து வெள்ளம் நம்ம பத்திரிகைக்கு எதுக்கு சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சென்னையின் தெற்கு, மேற்குப் புறநகரில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பது ஏரி, தாங்கல், ஆயக்கட்டு நிலங்களின் மேல். அந்த நிலத்தை விற்றவர்கள் நம்மைப் போன்ற விவசாயிகள். அங்கே வீடு கட்டக் கடன் கொடுத்தவர்கள் என்னைப் போன்ற வங்கிக்காரர்கள். ஆகவே இந்தப் பாடம் நமக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர். 10 செ.மீ. பெய்தால் 4 லட்சம் லிட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அதாவது ஒவ்வொரு ஏக்கரிலும் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர் விழுந்தது.

இன்னொரு கணக்கு, மனதில் வைத்துக்கொள்ள சுலபமானது. ஒரு ஏக்கரில் மணிக்கு ஒரு அங்குலம் மழை பெய்து அத்தனையும் ஓடினால், அது வினாடிக்கு ஒரு கன அடி. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

ஆனால் எல்லா மழையும் ஓடாது. மண்ணையும் சரிவையும் பொறுத்து, பயிர் நிலத்திலிருந்து 20 முதல் 50 சதவீதம் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். தார், கான்கிரீட் என்றால் 80 முதல் 95 சதவீதம் ஓடிவிடும். 100 ஏக்கர் வயலை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 2 அங்குல மழை. 30 சதவீதம் ஓடினால் 60 கன அடி. அதே 100 ஏக்கர் மனைப்பிரிவாகி, வீடும் ரோடும் சிமெண்ட் முற்றமும் வந்து 90 சதவீதம் ஓடினால் 180 கன அடி. மழை அதேதான். வாய்க்காலும் அதேதான், அல்லது பாதியாகச் சுருங்கியது. வருகிற தண்ணீர் மட்டும் மூன்று மடங்கு.

இதில் வரப்பைச் சேர்க்கவே இல்லை. நெல் வயலில் வரப்புக்குள் அரை அடி தண்ணீர் நின்றால் ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டர். 100 ஏக்கரில் 6 கோடி லிட்டர். இதை யாரும் அணை என்று சொல்வதில்லை. மனை போட்டு நாலு அடி மண் கொட்டி மேடாக்கிய அன்றைக்கு அந்த அணை போய்விட்டது.

முன்பே நனைந்த மண்ணில் கணக்கு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். 2015 நவம்பர் முழுக்கப் பெய்து மண்ணும் ஏரியும் நிறைந்திருந்தன. டிசம்பரில் விழுந்ததற்கு இடமில்லை, பெரும்பாலும் ஓடத்தான் செய்தது.

ஏரிச் சங்கிலி

நம் மாவட்டங்களில் ஏரி எதுவும் தனி ஏரி இல்லை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும், மதகு வழியாகப் பாசனத்துக்குப் போகும், மிஞ்சினது கலங்கல் வழிந்து போக்குக்காலில் அடுத்த ஏரிக்குப் போகும். கடைசி ஏரியின் உபரி ஆற்றுக்கு, ஆறு கடலுக்கு.

அடையாறு அப்படிப் பிறந்த ஆறுதான். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரியும், செம்பரம்பாக்கத்தின் உபரியும் அதில் சேர்கின்றன. 2015-இல் செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சம் வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அணைக்குக் கீழே இருந்த நூற்றுக்கணக்கான சின்ன ஏரி, தாங்கல்களின் தண்ணீரும் அதே ஆற்றுக்குத்தான் வந்தது. அதைப் பற்றிப் பேச்சு குறைவு.

தெற்கே பள்ளிக்கரணை. கீழ்க்கட்டளை, நாராயணபுரம், வேளச்சேரி என்று சுற்றியுள்ள ஏரிகளின் உபரி அந்தச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைச் சேரும். இத்தனை ஏரிக்கும் வாசல் அந்த ஒரு மடுவு. சதுப்பு நிலத்திலேயே குப்பைமேடும் கட்டடங்களும் வந்தாகிவிட்டது. மிஞ்சியதற்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மறு வருஷமே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் முகத்துவாரமும் உள்வாங்காது. தண்ணீர் எதிர்த்துத் தள்ளும்.

வடிகால் கட்டியும் ஏன் வடியவில்லை?

எனக்குத் தெரிந்த காரணங்கள் இவை.

1. சரிவு இல்லை. 100 மீட்டருக்கு 10 செ.மீ.யாவது இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கால்வாயில், நடுவில் ஒரு துண்டு மேடாகிவிட்டால் போதும், மொத்தமும் தொட்டிதான்.

2. முடிவு இல்லை. தெருவில் கால்வாய் இருக்கும், அது சேர வேண்டிய போக்குக்கால் இருக்காது.

3. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடுகின்றன.

4. வீட்டுக் கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் விடுகிறோம். மழைக்கு முன்பே அது பாதி நிரம்பியிருக்கும்.

5. தூர் வாரிய சேற்றைக் கரையிலேயே கொட்டுகிறோம். அடுத்த மழையில் அது உள்ளேயே போகும்.

மழை விட்ட மறுநாள்

தண்ணீர் வடிந்ததும் எல்லாம் மறந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டியவை:

சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தின் மேல் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தெருவுக்கு நாலு கோடு இருந்தால் அதுவே வெள்ள வரைபடம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைக் கொண்டு எது மேடு, எது பள்ளம் என்று ஊர்க்காரர்களே பார்க்கலாம்.

ஏரிக்கரையை வெட்டாதீர்கள். வெள்ளம் கீழே இருப்பவன் வீட்டுக்குப் போகும், கோடைக்கு ஏரியும் இருக்காது. அதேபோல, கூடுதலாகத் தேக்கலாம் என்று கலங்கலில் மணல் மூட்டை அடுக்குவதும் தப்பு. இந்த இரண்டாவது தப்பை நாம்தான் செய்கிறோம்.

வெள்ளம் புகுந்த கிணறு, சம்பை இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் போட்ட பிறகே புழங்குங்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும்.

கிராம வரைபடம், 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு வாய்க்காலை நடந்து பாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்று சர்வே எண்ணோடு எழுதி கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். தூர் வாருவது சித்திரை, வைகாசியில் நடக்க வேண்டிய வேலை. ஐப்பசியில் பொக்லைன் வந்து பயனில்லை.

ஒரு கையெழுத்து

என் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் புறநகர்க் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தேன். ஒரு ஏரியின் கீழ் ஆயக்கட்டு மனைப்பிரிவானது. மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, வக்கீல் கருத்து, எல்லாம் சுத்தம். புறம்போக்கு ஒரு சென்ட் கூட இல்லை. வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். புலப்படத்தில் மனைகளுக்கு நடுவே இரண்டு கோடாக வாய்க்கால் ஓடியதை அன்றைக்கே பார்த்தேன். தரையில் அது இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

2015 டிசம்பரில், அங்கே வீடு கட்டிய ஒருவர், ரிட்டயர்ட் ஆசிரியர், போன் செய்தார். "சார், கீழ்வீட்ல மார்பளவு தண்ணி. மாடியில இருக்கோம். கடன் எல்லாம் கட்டி முடிச்சிட்டேன் சார், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது நான் பயிர் வைத்திருப்பதும் ஒரு ஏரியின் கீழ்தான். மூடாக்குப் போடுகிறேன், பலதானியம் விதைத்து மடக்கி உழுகிறேன், வரப்பை உயர்த்தி வைத்திருக்கிறேன். மண்புழு ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் எந்த வடிகாலுக்கும் பாரமில்லை. பக்கத்து வயலுக்குப் புரோக்கர் வந்துபோகிறார். போன மாதம் என்னிடமும் விலை கேட்டார்.

விற்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல எனக்கு உரிமையில்லை. பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், கடன், எல்லாம் தெரியும். ஆனால் விற்கும் முன் புலப்படத்தை எடுத்து, உங்கள் நிலத்தில் எந்த வாய்க்கால் வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். அந்த வாய்க்காலை அளந்து, கல் நட்டு, பத்திரத்தில் எழுதிவிட்டுக் கொடுங்கள். வாங்குகிறவர் மறுத்தால், அவர் என்ன செய்யப்போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.