நேரலை அரங்கு தந்த வகுப்பறைச் செயல்பாடு

நைனார்பாளையத்தில் என்னிடம் பயின்ற மாணவி, காட்சித் தொடர்பியல் படிப்பின் பகுதியாகச் சென்னைத் தொலைக்காட்சி ஒன்றில் உள்ளுறைப் பயிற்சி பெற்றார். வகுப்பில் வாய்திறக்கத் தயங்கியவர் அவர். அங்கே தளமேலாளருடன் நின்று, கட்டுப்பாட்டு அறையின் குரலைக் காதொலிப்பானில் கேட்டு, மீதமுள்ள நொடிகளைச் செய்தி வாசிப்பவருக்கு விரல்களால் காட்டப் பழகினார். நேரலையில் வெட்டி ஒட்ட முடியாது. பேசாத அந்தப் பணியையும் அனைவரும் நம்பியிருந்தனர்.

இதையே எட்டாம் வகுப்பில் செயல்பாடாக்கினேன். ஐவர் குழு, மூன்று நிமிடச் செய்தி. இருவர் எழுதுவர், இருவர் வாசிப்பர், ஒருவர் நேரம் காட்டுவார். இடையில் நிறுத்தக் கூடாது. பிழை நேர்ந்தால் திருத்திச் சொல்லித் தொடர வேண்டும். 2019 முதல் ஒளிபரப்பாகும் கல்வித் தொலைக்காட்சியின் பதிவுப் பாடம் ஒன்றைக் காட்டி, வேறுபாட்டை மாணவர்களையே சொல்லச் செய்யலாம். பேசத் தயங்கும் குழந்தைக்கு முதலில் நேரம் காட்டும் பொறுப்பைத் தாருங்கள். அடுத்த சுற்றில் வாசிக்க அழையுங்கள்.