கையைக் கடிக்காத சல்வடோர்

பிரேசில் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்டது "ரியோவுக்கா?" என்றுதான். எங்கள் பணத்துக்கு ரியோ கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. நானும் என் வீட்டுக்காரரும் வடகிழக்கே பஹியா மாநிலத்தின் தலைநகரான சல்வடோருக்குப் போனோம். 1549-இல் போர்த்துகீசியர்கள் நிறுவிய ஊர். 1763 வரை பிரேசிலுக்கே தலைநகராக இருந்தது. இந்த ஊரின் நல்ல விஷயங்களில் பாதிக்குக் காசே கிடையாது, மீதியும் மலிவுதான். கார்னிவல் நடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் போகாதீர்கள், அறை வாடகை எங்கேயோ போய்விடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை மழை. அது ஓய்ந்த செப்டம்பர்தான் எங்களுக்குத் தோதாக இருந்தது.

தங்க இரண்டு இடங்கள் உண்டு. மேட்டு நகரத்தில் இருக்கும் பெலோரினோ, யுனெஸ்கோ 1985-இல் உலக மரபுச் சின்னமாக்கிய பழைய பகுதி. கடற்கரையில் பாஹா. பெலோரினோ பகலில் கண்ணுக்கு விருந்து, ஆனால் இருட்டியபின் பக்கத்துச் சந்துகளில் தனியாக நடக்கக் கூடாது. இரவானதும் ஆளரவம் உள்ள பாஹாவில் கொஞ்சம் கூடக் கொடுத்து அறை எடுத்தோம். அந்தக் காசு தண்டமில்லை. போசாடா எனப்படும் சிறு விடுதிகளில் காலை உணவும் வாடகையில் சேர்ந்தே வரும். பப்பாளி, மரவள்ளி மாவில் சுட்ட தாப்பியோகா, மக்காச்சோளக் கூஸ்கூஸ் என்று நிறைய இருக்கும். நிதானமாகச் சாப்பிட்டால் பகல் இரண்டு மணி வரை பசிக்காது.

மதியத்துக்குக் கிலோ கடைகள். வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனால் எடை போட்டுப் பில் தருவார்கள். இங்கே நம் கை பழக்க தோஷத்தில் முதலில் சோற்றைக் குவிக்கும். சோற்றுக்கும் மீனுக்கும் கிராமுக்கு ஒரே விலை என்பது மனதில் இருக்கட்டும்! சோறு ஒரு கரண்டி, அவரைக் குழம்பு ஒரு கரண்டி, மற்ற இடம் எல்லாம் மீனுக்கும் காய்க்கும். பெரிய ஓட்டல் என்றால் மொகேக்கா ஒன்று மட்டும் சொல்லுங்கள். தேங்காய்ப் பாலிலும் சிவப்புப் பனை எண்ணெயிலும் கொதிக்கும் மீன் குழம்பு அது. மண்சட்டியில் சோற்றோடு வரும். பெரும்பாலும் இருவருக்கான அளவு. பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் போட்டிருப்பார்கள். அது விருப்பப்பட்டால் கொடுப்பது. கவனிப்பு நன்றாக இருந்தால் நாங்கள் கொடுத்துவிடுவோம்.

மாலைக்கு அக்கராஜே. வெள்ளைச் சரிகைப் பாவாடை, தலைப்பாகை, கழுத்து நிறைய மணிமாலையுடன் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் இதைச் சுடுவார்கள். ஊறவைத்துத் தோல் நீக்கிய காராமணியை வெங்காயத்தோடு அரைத்து, மரக்கரண்டியால் நுரைக்க நுரைக்க அடித்து, கொதிக்கும் பனை எண்ணெயில் போடுகிறார்கள். நம் வடைதான், அளவு மட்டும் உள்ளங்கை நிறைய. எண்ணெய் கருகாமல் இருக்க ஒரு முழு வெங்காயம் அதிலேயே மிதக்கிறது. வெந்ததைக் கத்தியால் பிளந்து வதாப்பா என்ற கூழையும் வெண்டைக்காய்க் கூட்டையும் உலர்ந்த இறாலையும் திணிக்கிறார்கள். "சூடானதா, ஆறியதா?" என்று கேட்டால் அது காரத்தைப் பற்றிய கேள்வி. நான் சூடு என்றேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் யார் என்று அவருக்குத் தெரியாதல்லவா! மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பண்டம் இது. இதைச் சுடும் தொழிலையே 2005-இல் பிரேசில் தேசிய மரபாகப் பதிவு செய்தது. என் வீட்டுக்காரர் சைவம். "இறால் வேண்டாம்" என்று சொன்னாலும் அந்தக் கூழிலும் கூட்டிலும் உலர் இறால் கலந்திருக்கும். வெறும் வடையும் தக்காளி சாலடும் கேட்டு வாங்க வேண்டும்.

மேட்டு நகரத்தையும் கீழ் நகரத்தையும் இணைக்கிறது 1873-இல் திறந்த லசெர்டா லிப்ட். 72 மீட்டர் உயரம், கட்டணம் சில்லறைக் காசு. நடந்தே இறங்கலாமே என்று மலைச்சரிவுச் சாலையில் இறங்காதீர்கள், வழிப்பறிக்குப் பேர்போன பாதை அது. கீழே மெர்காடோ மொடேலோ சந்தை. அதன் பின்னால் இருக்கும் படகுத்துறையிலிருந்து இட்டபரிக்கா தீவின் மார் கிராண்டேவுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுற்றுலாக் கப்பல் கேட்பதில் ஒரு சிறு பங்குதான் டிக்கெட். ஆனால் கடல்நீர் உள்வாங்கும் நேரத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். போகும்போதே திரும்பும் படகின் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை பெலோரினோவில் இருக்கப் பாருங்கள். அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூண் நின்ற பகுதி அது. அந்தச் சரிவிலேயே, கறுப்பின மக்களின் சபை தங்களுக்கென்று கட்டிக்கொண்ட நீல நிற ரொசாரியோ தேவாலயம் இருக்கிறது. அங்கே செவ்வாய்தோறும் ஆப்பிரிக்க முரசுகளோடு பூசை நடக்கிறது. டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. விலை கொடுத்துப் பார்த்த எந்தக் கலைநிகழ்ச்சியும் எனக்கு அதற்கு ஈடாகவில்லை. வெளியே வந்ததும் ஒருவர் "பரிசு" என்று மணிக்கட்டில் வண்ண நாடா கட்ட வருவார், பின்னாலேயே மாலை விற்பனை வரும். சிரித்தபடி கையைப் பின்னால் கட்டிக்கொள்வதே வழி.

போர்ட்டோ டா பாஹா கடற்கரை மேற்கு பார்த்தது. அதனால் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குகிறது. நாற்காலி, குடைக்கு வாடகை கேட்பார்கள். நாங்கள் பழைய வேட்டி ஒன்றை விரித்துக்கொண்டோம். ஒருவர் குளிக்க, ஒருவர் பைக்குக் காவல். இளநீர்க்காரர் கையில்கூட கார்டு இயந்திரம் இருப்பதால் கத்தை நோட்டு தேவையில்லை. போனைத் தெருவில் கையில் பிடித்தபடி நடக்காமல், வழி பார்க்க ஏதாவது கடைக்குள் ஒதுங்குங்கள். இரவு எட்டுக்கு மேல் பேருந்தில் மிச்சம் பிடிக்காமல் செயலி டாக்சி எடுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இன்னொன்று, கிளம்பும் முன் நம் ஊரிலேயே இருக்கிறது. விசாவோடு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் வேண்டும். அது இல்லாமல் பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். டிக்கெட் எடுத்த கையோடு அதற்கும் நாள் குறித்துவிடுங்கள்.