மோட்டார் வண்டியின் உஷ்ணமானிக் கோளாறும் அதைப் பரீக்ஷிக்கும் விதமும்

வைகாசி மாதத்துக் கருட சேவையன்று வரதராஜப் பெருமாளைச் சேவிக்கும்பொருட்டு நிலக்காரர் ஒருவர் தம் பழைய அம்பாசிடர் வண்டியில் குடும்பத்துடன் காஞ்சிபுரம் வருவதாகக் கொள்வோம். ஜனக்கூட்டத்தினிடையே வண்டி ஆமைபோல் ஊர்கின்றது. உஷ்ணமானியின் முள் மெல்ல ஏறி உச்சிக் குறியைத் தொடுகின்றது. சற்று நேரத்தில் தானாகவே கீழிறங்குகின்றது. மீட்டர் கெட்டுவிட்டதென்று எண்ணி அவர் வண்டியை நிறுத்தாமற் செலுத்துவாரேயானால், ஊர் திரும்புமுன் சிலிண்டர் ஹெட் கோணிப்போதலும் காஸ்கெட் எரிந்துபோதலும் கூடும். முள் இறங்கியது சூடு தணிந்ததனால் அன்று, நீர் வற்றியதனாலேயாம். நீரில் மூழ்கியிருக்க வேண்டிய உணர்முனை ஆவியிலும் காற்றிலும் நின்றுவிட்டால் உள்ளபடி சூட்டைத் தெரிவிக்க மாட்டாது.

ஆகவே, பரீக்ஷித்துப் பொய்யென்று தெளியும்வரை முள் மெய்யே சொல்லுகின்றதென்று வைத்துக்கொள்ளல் வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, நன்கு ஆறவிட்ட பின்னர் முதலிற் பார்க்க வேண்டியது ரேடியேட்டரிலுள்ள நீரின் அளவு. சூடாயிருக்கையில் அதன் மூடியைத் தொடலாகாது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியிற் கொதிக்கும் நீர், மூடியின் அழுத்தத்திற்கு உட்பட்டிருக்கையில், சதுர அங்குலத்திற்கு ஒரு ராத்தல் அழுத்தம் ஏறுந்தோறும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடுதலான சூட்டிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கி, நீர் முழுவதும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

நீர் குறைவின்றி இருப்பின், விசிறியையும் நீர்ப்பம்பையும் சுழற்றும் பெல்ட் தளர்ந்துள்ளதா, ரேடியேட்டரின் முகத்தில் வைக்கோல் தூசும் பூச்சிகளும் அடைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். மெதுவாக ஊரும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. யந்திரம் மெல்லச் சுழலுகையில் விசிறியும் மெல்லவே சுழலும். ஆதலால் திருவிழாக் கூட்டத்தில் முள் ஏறுவது பெரும்பாலும் மெய்யான சூடே. சேற்றுழவில் மெல்ல நகரும் டிராக்டருக்கும் எதிர்க்காற்று இல்லை. பளுவோ மிக அதிகம். இதனுடன் உப்புக் கிணற்று நீரால் வரும் கேடும் சேரும். அந்நீரை நெடுநாள் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்மையாய்ப் படிவது எதுவோ, அதுவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கின்றது. உப்பு நீக்கிய நீரில் கூலண்ட் கலந்து ஊற்றுதலே தக்கது.

பட்டு நூலின் பசை நீங்கச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைக்கும் சாயக்காரர், நீர் கண்ணெதிரே இருப்பதனால், தொட்டியின் சூட்டைப் பழக்கத்தாலேயே மட்டிடக் கூடும். மோட்டாரின் நீரோ இரும்புக்குள் அடைபட்டது. அதற்கு முள் ஒன்றே சாட்சி; அச்சாட்சியை விசாரிக்கும் முறை பின்வருமாறு.

பழைய வண்டிகளில் உஷ்ணமானி இருவகைப்படும். ஒருவகையில், யந்திரத்திற் செருகிய குமிழிலிருந்து மீட்டர்வரை மயிரிழை போன்ற செப்புக்குழாய் ஒன்று செல்லும். எளிதில் ஆவியாகும் திரவத்தின் அழுத்தமே முள்ளை நகர்த்தும். குழாய் ஒடிந்தாலோ கசிந்தாலோ முள் அடியிலேயே கிடக்கும். இதை வெட்டி ஒட்டுதல் வீண், முழுத்தொகுதியையும் மாற்றவேண்டியதே.

மற்றொரு வகை மின்சாரத்தால் இயங்குவது. இதன் உணர்முனையில் சூடு ஏற ஏற மின்தடை குறையும், முள் உயரும். பரீக்ஷிக்கச் செலவொன்றுமில்லை. யந்திரத்தை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, உணர்முனையின் கம்பியைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கமே நிற்க வேண்டும். கழற்றியும் முள் ஏறினால், கம்பி வழியில் எங்கோ உராய்ந்து வண்டியின் உடலைத் தொடுகின்றது. அடுத்து, கம்பியின் நுனியை யந்திரத்தின் துலக்கமான உலோகப் பாகத்தில் இரண்டு விநாடி தொடுவிக்க, முள் சூட்டுப் பக்கம் எழ வேண்டும்; எழுந்தவுடன் எடுத்துவிட வேண்டும். எழுமாயின் மீட்டரும் கம்பியும் குற்றமற்றவை. பழுது உணர்முனையிலாவது அதன் எர்த்திலாவது உண்டு. எழாவிடில் கம்பி, மீட்டர், பியூஸ் ஆகியவற்றை நோக்குக. கம்ப்யூட்டரால் இயங்கும் இக்கால வண்டிகளில் இப்பரீக்ஷை கூடாது.

உஷ்ணமானியும் பெட்ரோல் அளவு காட்டும் மீட்டரும் ஒருங்கே பிழையாகக் காட்டினால், இரண்டும் ஒரே நாளிற் கெட்டன என்று கருதி இரண்டையும் வாங்குவோர் உளர். பழைய வண்டிகள் பலவற்றில் அவ்விரண்டிற்கும் ஏறக்குறைய 10 வோல்ட் அளவில் மின்சாரம் வழங்கும் ஸ்டெபிலைசர் ஒன்று மீட்டர்களின் பின்புறம் உண்டு. அதன் எர்த் துருப்பிடித்தாலே இரண்டும் உயர்த்திக் காட்டும். உப்புத்தாள் கொண்டு துடைத்தால் தீரும் குறை இது.

முள் எப்பொழுதும் தாழ்ந்தே நிற்குமாயின், தெர்மோஸ்டாட் உள்ளதா என்று பார்க்க. நம் நாட்டு வெயிலுக்கு அது வேண்டாமென்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு, அது தவறு. நீர் 80 டிகிரியைச் சற்றே கடந்த பின்னரே ரேடியேட்டருக்கு வழிவிடும் கருவி அது. அதில்லாத யந்திரம் குளிர்ந்தே ஓடி எண்ணெயை அதிகம் குடிக்கும். உஷ்ணமானியோ உள்ளதையே சொல்லி வீண்பழி ஏற்கும்.

இனி உணர்முனையைச் சோதிக்கும் முறை. யந்திரம் குளிர்ந்திருக்கையில் அதைக் கழற்றி, சிறிய பாத்திரத்து நீரில் அதன் உலோக நுனி மட்டும் மூழ்குமாறு தொங்கவிட வேண்டும். அருகே ஒரு தெர்மாமீட்டரும் தொங்குக. உணர்முனையின் உடலை மற்றொரு கம்பியால் வண்டியின் உடலோடு இணைத்து, சாவியைத் திருப்பி, நீரைக் காய்ச்சினால் தெர்மாமீட்டர் ஏறுவதற்கிசைய முள்ளும் ஏற வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவருக்குக் கொதிநீரே அளவுகோல். காஞ்சிபுரம் கடல்மட்டத்திற்கு மிக உயர்ந்ததன்றாகையால், கொதிநீர் 100 டிகிரி என்றே கொள்ளலாம். கொதிநீரில் முள் நின்ற இடத்தை மீட்டரின் கண்ணாடியில் சுண்ணாம்பாற் குறித்துக்கொள்வது நன்று.

புதிய உணர்முனை மரையால் மட்டும் பொருந்தினாற் போதாது. அந்த மீட்டருக்கு உரியதாகவும் இருத்தல் வேண்டும். அன்றேல் புதியதும் பொய்யே காட்டும். ஒற்றைக் கம்பி உடையதற்கு மரையே எர்த் ஆகையால், கசிவைத் தடுக்க டேப் சுற்றினால் மின்சாரம் தடைப்பட்டு முள் தாழும். மாட்டியபின் நீரை நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தே யந்திரத்தைக் குளிர்நிலையிலிருந்து ஓட்டி, உள்ளிருக்கும் காற்று குமிழியாய் வெளியேறும்வரை நீர் சேர்த்து, அதன்பின் மூடுக. மறுநாட் காலை மீண்டும் நீரளவைப் பார்க்க வேண்டும்.