கட்டணம் மட்டுமா செலவு?

"அந்தப் படிப்புக்குக் கட்டணம் எவ்வளவு?" பள்ளிப்படிப்பை முடிக்கும் மாணவரின் வீட்டில் முதலில் எழும் வினா இதுவே. ஒரு படிப்பின் உண்மையான விலையை அறிய இவ்வினா ஒன்று போதுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பலரும் நாடிச் சேரும் ஒரு படிப்பைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அந்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றொரு வகைக் கல்லூரி உண்டு. இன்றும் இயங்கிவரும் அரசுச் சமுதாயக் கல்லூரிகளுள் மிகப் பழமையானது, இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தோன்றியது. பொதுப்பணத்தின் துணையோடு நடப்பதால் இக்கல்லூரிகளில் கட்டணம் குறைவு. 2023-24 கல்வியாண்டில் அவ்வட்டார மாணவர் ஒருவர் செலுத்திய ஓராண்டுக் கட்டணம் சராசரியாக ஏறத்தாழ 4,000 டாலர்.

அங்குக் கற்பிக்கப்படும் தொழிற்படிப்புகளுள் ஒன்று மருத்துவ உதவியாளர் படிப்பு. மருத்துவரைக் காணுமுன் நோயாளியின் எடை, உடல் வெப்பம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பவர் மருத்துவ உதவியாளர். மாநிலச் சட்டம் இடந்தரும் அளவில் ஊசியும் போடுவார். அடுத்த வருகைக்கு நாளும் குறித்துத் தருவார். செவிலியர் வேறு, இவர் வேறு என்பதை நினைவிற்கொள்க.

இப்படிப்பில் இரு வழிகள் உள்ளன. ஏறத்தாழ ஓராண்டில் முடியும் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று. ஈராண்டுப் பட்டப்படிப்பு மற்றொன்று. ஈராண்டு படித்தவருக்கு இருமடங்கு ஊதியம் கிடைக்கும் என நாம் எண்ணக்கூடும். ஆனால் இருவரும் செய்யப்போவது பெரும்பாலும் ஒரே வேலை. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி, மருத்துவ உதவியாளரின் ஆண்டு ஊதியத்தின் இடைநிலை அளவு 42,000 டாலர். கணக்கு வகுப்பில் நீங்கள் மீடியன் என்று சொல்வதே இடைநிலை அளவு. பணிபுரிவோரில் பாதிப்பேர் இதனினும் குறைவாகவும், பாதிப்பேர் கூடுதலாகவும் பெறுகின்றனர்.

இனி, செலவைப் பார்ப்போம். முதியோரின் வீடுகளுக்குச் சென்று உதவும் பராமரிப்புப் பணியில் இருக்கும் பெண் ஒருவர், வேலையை விட்டுவிட்டு இப்படிப்பில் சேர்கிறார் எனக் கொள்வோம். அப்பணியின் இடைநிலை ஊதியம் அதே கணக்கில் 33,530 டாலர். ஓராண்டுப் படிப்பில் அவர் செலுத்தும் கட்டணம் 4,000 டாலர். இழக்கும் ஊதியம் 33,530 டாலர். ஆக மொத்தம் 37,530 டாலர். கட்டணமோ இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்! இவ்வாறு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நாம் கைவிடும் வருவாயைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர்.

படித்து முடித்தபின் அவருக்கு ஆண்டுதோறும் கூடுதலாகக் கிடைப்பது 8,470 டாலர். செலவை ஈடுகட்ட நான்கரை ஆண்டுகள் ஆகும். ஈராண்டுப் பட்டத்தைத் தேர்ந்தால் செலவு 75,060 டாலராக உயர்கிறது. ஈடுகட்ட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வேண்டும். வரி, நூல்கள், போக்குவரத்து ஆகியவற்றை நாம் இங்குச் சேர்க்கவில்லை.

வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர்க்கு அந்நாட்டு நடுவண் அரசு பெல் உதவித்தொகை வழங்குகிறது. இதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. 2023-24இல் இதன் உச்ச அளவு 7,395 டாலர். எனவே கட்டணம் முழுவதையும் இத்தொகையே ஏற்றுக்கொள்ளக்கூடும். அப்போதும் ஓராண்டுப் படிப்பின் செலவை ஈடுகட்ட நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கட்டணமே இல்லாத நிலையில் குறைவது அரையாண்டு மட்டுமே. வேலையை விடாமல் மாலை வகுப்பில் பயில முடிவது, உதவித்தொகையைவிடப் பெரிய உதவியாகிவிடுகிறது. எனினும் படிப்பின் இறுதியில் மருத்துவமனையிலோ மருத்துவரின் அலுவலகத்திலோ களப்பயிற்சி உண்டு. அதற்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. பகல் வேலையைச் சில வாரங்கள் விடவேண்டியும் நேரலாம்.

அப்படியானால் இரண்டாம் ஆண்டு வீணா? மேற்படிப்புக்குச் செல்ல எண்ணுவோர்க்கு அது ஒரு படியாகலாம். ஆயினும் அடுத்த கல்லூரி முன்னர்ப் படித்த பாடங்களை ஏற்குமா எனச் சேருமுன்பே கேட்டறிதல் வேண்டும். ஏற்காத கல்லூரிகளும் உண்டு. செவிலியராவதே நோக்கம் என்றால், பல சமுதாயக் கல்லூரிகளில் செவிலியப் பட்டமே ஈராண்டுப் படிப்பாக உள்ளது. முன்தகுதிப் பாடங்களும் இடத்திற்கான போட்டியும் அதில் மிகுதி. ஆனால் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலை ஊதியம் 2023இல் 86,070 டாலர். மருத்துவ உதவியாளராக மட்டுமே பணிபுரிய விரும்புவோர்க்கு ஓராண்டுச் சான்றிதழே ஏற்றது என்று தோன்றுகிறது.

பயிற்சி

1. பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்க: ஈடுகட்டுதல், வாய்ப்புச் செலவு, களப்பயிற்சி.

2. மேற்கூறிய பெண், சான்றிதழ்ப் படிப்பின்போது பாதி நேரம் வேலைசெய்து பாதி ஊதியம் பெற்றால், செலவை ஈடுகட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும்? கட்டணத்தை அவரே செலுத்துவதாகக் கொள்க.

3. பணத்தால் அளக்க இயலாத எவற்றை இக்கணக்கு விட்டுவிட்டது? ஐந்து வரிகளில் எழுதுக.

4. நீங்கள் வாழும் நகரில் உள்ள பட்டயப் படிப்பு ஒன்றின் கட்டணத்தையும், அதைப் பயின்றவர் பெறும் ஊதியத்தையும் பெற்றோர் துணையுடன் கேட்டறிந்து, இதே முறையில் கணக்கிட்டு வகுப்பில் தமிழில் பேசுக.