தொப்பி சொல்லும் வரலாறு



“கெட்டால்தான் புத்தி வரும்” என்பார்கள் பெரியோர். ஒரு பழைய தொப்பியைக் கெடுத்த பிறகுதான் அதன் அருமையை நான் அறிந்தேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு காக்கித் தொப்பி இருந்தது. திருவிதாங்கூர்க் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த என் பூட்டனார் அணிந்தது அது. சென்ற விடுமுறையில் அதை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன். முன்புறம் சங்குச் சின்னம் பொறித்த பித்தளை வில்லையைப் புளியிட்டுத் தேய்த்தேன். வில்லை பளபளத்தது. தொப்பியோ ஊறி உப்பி, உருத்தெரியாமல் போயிற்று. பாட்டி என்னைத் திட்டவில்லை. “மக்களே, இது எங்க அப்பா தலையில இருந்த சாதனமாக்கும்” என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் சொல் என்னைப் படிக்கத் தூண்டியது.

தொப்பி ஏன் ஊறியது? அது நெட்டியால் செய்யப்பட்டது. நெட்டி என்பது குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் ஒரு செடி. தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செய்வதும் இதன் தண்டிலுள்ள வெண்ணிறச் சோற்றால்தான். அது பஞ்சுபோல் இலேசானது. வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. எனவே வெள்ளையர் காலத்தில் இந்தியாவெங்கும் அதிகாரிகள் துணி போர்த்திய நெட்டித் தொப்பியை அணிந்தனர். ஆனால் தண்ணீர் அதற்குப் பகை.

உலகெங்கும் பழைய காவல் தொப்பிகளையும் அணிவகுப்புத் தலைக்கவசங்களையும் தேடிச் சேர்ப்போர் உண்டு. 1829-இல் தொடங்கிய இலண்டன் மாநகரக் காவல் படை முதலில் உயரமான குழாய்த் தொப்பி அணிந்தது. 1863-இல்தான் தலைக்கவசம் வந்தது. அதன் வில்லையில் உள்ள மணிமுடியைப் பார்த்தே சேகரிப்போர் காலத்தைக் கணிப்பர். 1952-இல் எலிசபெத் அரசியார் பட்டத்துக்கு வந்தபின், முடியின் மேல்வளைவு நடுவில் சற்றுத் தாழ்ந்ததாக மாற்றப்பட்டது.

நம் மாவட்டத்து வரலாறும் இப்படியே வில்லையில் அடங்கும். சங்கு திருவிதாங்கூரின் அரசுச் சின்னம். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1950-இல் இந்தியா குடியரசாகி, அசோகரின் சிங்கங்கள் நாட்டின் சின்னமாயின. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஏழே ஆண்டுகளில் எத்தனை மாற்றங்கள்! ஆட்சி மாறியும் தொப்பி மாறாத ஊரும் உண்டு. பிரெஞ்சுக்காரர் 1954-இல் புதுச்சேரியை விட்டுச் சென்றனர். அவர்கள் கொடுத்த சிவப்புக் கெப்பித் தொப்பியை அங்குள்ள காவலர் இன்றும் அணிகின்றனர்.

சென்னை எழும்பூரில், பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில், தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம் 2021-இல் திறக்கப்பட்டது. பழைய சீருடைகளை அங்கே காணலாம். வீட்டில் உள்ளதைக் காப்பது நம் பொறுப்பல்லவா?

அதற்குச் சில வழிகள்: பழைய தொப்பியை நனைக்கக் கூடாது, மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். பித்தளையைத் தேய்க்கக் கூடாது. தேய்க்கத் தேய்க்க எழுத்தும் உருவமும் மழுங்கும். உள்ளே வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்தால் வடிவம் கெடாது. நம்மூரில் உப்புக் காற்று அதிகம். ஆகையால் மூடிய பெட்டியில் வைத்து, வெயில், ஈரம், பூச்சி அணுகாமல் அடிக்கடி பார்க்க வேண்டும். உட்புறத்துச் சீட்டுகளைக் கிழிக்கக் கூடாது; செய்த கடையின் பெயரும் அணிந்தவர் பெயரும் அதில் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். கதை தெரியாத தொப்பி வெறும் தொப்பியே.

இப்போது எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பது அந்த வில்லை ஒன்றே. பாட்டி சொல்லச் சொல்லப் பூட்டனாரின் வரலாற்றை ஒரு நோட்டில் எழுதி, அதனுடன் வைத்திருக்கிறேன். தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு பழம்பொருள் இருக்கும். அதைக் கழுவுமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்!